ஏரியைத் தூர்வாரியும் தண்ணீர் வரவில்லை: மலை முதல் மதகு வரை ஊர்கள் சேர்ந்து காக்க முடியுமா?

வரத்துவாய்க்கால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தில், காடையாம்பட்டி வட்டத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி நான். பாதியில் குச்சிக்கிழங்கு, மீதியில் நிலக்கடலை. கிணற்றில் தண்ணீர் நின்றால் மட்டும் ஒரு போகம் நெல். எங்கள் ஊர் ஏரி மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையை நம்பியிருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிழக்குச் சரபங்கா ஆற்றில் சேர்ந்து, ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகும். ஏரி கோடி விழுந்து (நிரம்பி உபரிநீர் வழிந்து) பார்த்ததை என் மகனுக்குக் கதையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் திரட்டினோம். வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கி, பொக்லைன் வைத்து ஏரியை ஆழப்படுத்தினோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் பணம் அனுப்பினார்கள். கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். பத்திரிகையில் படம்கூட வந்தது. அடுத்த இரண்டு பருவமும் வெட்டிய பள்ளங்களில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றதோடு சரி. மழை குறைவு என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழை வந்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அன்று இரவு முழுக்க ஓடையின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்ததும் ஊரே ஏரிக்கரைக்கு ஓடினோம். ஏரியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. ஆனால் ஏரிக்குத் தெற்கே உள்ள புஞ்சைக்காடுகளில் இடுப்பளவு தண்ணீர் போய், கிழங்கு வயல்கள் மண் மூடிக் கிடந்தன. அவ்வளவு மழை பெய்தும் தண்ணீர் எங்கள் ஏரியை ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் போயிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஏரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று எங்களுக்குத் தாமதமாகப் புரிந்திருக்கிறது. மலைமேல் ஓடை பிறக்கும் இடத்திலிருந்து எங்கள் மதகு வரை உள்ள ஊர்களெல்லாம் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா? அப்படி எங்கேனும் நடக்கிறதா? அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய_மட்டப்பலகை எழுதியது:

தம்பி, நான் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூர்வாருவது நம் ஊர்களில் ஒரு திருவிழாவாக ஆகிவிட்டது. பொக்லைன் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்க முடிகிறது. வரத்து வாய்க்காலில் மண்வெட்டியோடு இரண்டு கல் தூரம் நடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். ஏற்காட்டு மலைமேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. கீழே சமவெளியில் அதைவிட மிகக் குறைவு. ஆகவே மலையடிவாரத்து ஏரிக்கு உயிர், தன் தலைக்குமேல் பெய்யும் மழை அன்று. மலைச்சரிவில் பெய்து ஓடையில் இறங்கும் மழைதான். வாய்க்கால் அடைபட்டிருந்தால் ஏரியை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அது பெரிய வாயுடைய வெறும் பானைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாயாது. கிணறுகளுக்கு ஊறும், மாடு குடிக்கும். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதைக் காட்டி ‘கொள்ளளவைக் கூட்டிவிட்டோம்’ என்று ஆயக்கட்டுக்காரரிடம், அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலக்காரரிடம், சொன்னால் அது பொய்க்கணக்கு. கரையின் அடியை ஒட்டி மண் எடுத்திருந்தால் அது இன்னும் மோசம். பெருவெள்ளத்தில் முதலில் சறுக்குவது அந்த இடம்தான்.

உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது ஃபெஞ்சல் இரவுதான். ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது, ஏரிக்கு வரவில்லை, தெற்கே திரும்பியிருக்கிறது. அப்படியானால் ஓடைக்கும் ஏரிக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் மேடு இருக்க வேண்டும். அது வண்டலாக இருக்கலாம், ஒருவர் போட்ட வரப்பாக இருக்கலாம், சாலையாகவும் இருக்கலாம். கூட்டம், சங்கம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் முன்பு அந்த மேட்டைக் கண்டுபிடியுங்கள்.

அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். இருபது முப்பது மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், ஒரே உயரத்தில் இரண்டு குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அளவு நாடா. குழாயில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நாடாவில் இரண்டு அளவுகளின் வித்தியாசமே தரையின் ஏற்ற இறக்கம். ஏரியின் வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். தண்ணீர் பொய் சொல்லாது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டும் சொல்லும்.

மலைச்சுனை எழுதியது:

நான் மேலிருந்து எழுதுகிறேன். ஏற்காடு ஒன்றியத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கேள்வியில் ‘மலை முதல் மதகு வரை’ என்று எங்களையும் சேர்த்திருப்பதற்கு நன்றி. பெரும்பாலும் கீழே உள்ளவர்கள் நீர்ப்பிடிப்பைப் பற்றிப் பேசும்போது, அந்த நீர்ப்பிடிப்பில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மலைமேல் தண்ணீருக்குப் பஞ்சம் இருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். பங்குனி பிறந்தால் எங்கள் ஊர்ச் சுனையில் ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். பெண்கள் முறை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். என் சிறுவயதில் அதே சுனை சித்திரையிலும் கையகல ஓட்டமாக ஓடியது. எங்கள் மலை அடியில் கெட்டியான சார்னோக்கைட் பாறை. உச்சியில் உள்ள மேட்டுநிலங்களில் பாக்சைட் கலந்த செம்மண் தொப்பி போல் மூடியிருக்கிறது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓரங்களில் சுனையாகக் கசியவிடுவது அந்தத் தொப்பிதான். அதன்மேல் ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டினார்கள். இப்போது விடுதிகளும் ஆழ்குழாய்களும் வருகின்றன. மேலே ஓர் ஆழ்குழாய் இறங்கினால் கீழே எந்தச் சுனை நிற்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

காப்பித் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த பயிர் அது. இன்று எங்கள் பிழைப்பே அதில்தான். நிழல்மரங்களோடு வளரும் காப்பி மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய காட்டு மரங்களை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்ட சரிவில் நடந்து பாருங்கள்; கீழே விழும் சருகும் வேறு, மண்ணின் மெத்தையும் வேறு. மார்கழி, தை மாதங்களில் பழம் பறித்துத் தோல் உரிக்கும்போது, அந்தக் கழிவுநீரைக் குழியில் தேக்காமல் ஓடையில் விடும் இடங்களில் தண்ணீர் பழுப்பு நிறத்தில் புளித்த வாடையோடு போகிறது. அதைக் குடித்துவிட்டு எங்கள் ஊர் ஆடுகள் கழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் ஏற்பாட்டில் நாங்கள் சேர வேண்டுமென்றால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சரிவில் உழாதே, மரம் வெட்டாதே, ஓடையை மறிக்காதே என்று சொல்வதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்களா, அல்லது எங்கள் சுனையும் உங்கள் ஏரியும் ஒரே கணக்கில் வருமா?

சும்மா_ஒருவன் எழுதியது:

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை. வரி கட்டுகிறோம், அதற்கென்று துறை இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார். ஊரார் வேலையைக் கையில் எடுத்தால், நாளை ஏதாவது உடைந்தால் பழியும் ஊரார் தலையில்தான் விழும். மனு கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள்.

கடைமடைக்காரன் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் பேச்சு எனக்குப் பழகியதுதான். மனுக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தே பாதி வயது போய்விட்டது. நான் எடப்பாடிப் பக்கம். சரபங்காவில் வெள்ளம் என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள், பிறகு பார்க்க ஓடுவார்கள்.

நான் இந்த விவாதத்தில் நுழைவதற்கு ஒரு பயம்தான் காரணம். ‘நீர்ப்பிடிப்பைக் காப்போம்’ என்று மேலே உள்ளவர்கள் சேர்ந்தால் பெரும்பாலும் முதலில் கட்டுவது தடுப்பணைதான். ஓர் ஊரில் ஒன்று கட்டினால் கிணறுகள் ஊறும், நல்லது. பத்து ஊர்களில் இருபது கட்டி, ஒவ்வொன்றின் உயரத்தையும் அடுத்தவர் அரையடி கூட்டினால், நடுத்தர மழை ஆண்டில் கீழே வருவதற்கு எதுவும் மிஞ்சாது. பெருமழை ஆண்டில் எல்லாம் நிரம்பி, தேவையில்லாதபோது எங்களுக்கு வெள்ளமாக வரும். காப்பவர் யார், யாருக்காகக் காக்கிறார் என்று கேட்காமல் ஊர்க்கூட்டு என்ற சொல்லை மட்டும் கொண்டாட என்னால் முடியவில்லை.

மேட்டூர் உபரிநீரை ஏற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பில் 2020இல் தொடங்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். அதில் எங்கள் பக்கத்து ஏரிகளுக்கும் பங்குண்டு. நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பும் ஆண்டில்தான் வரும், அதுவும் மின்மோட்டார் ஓடினால்தான் வரும். மலையிலிருந்து தானாக இறங்கும் சரபங்காவின் தண்ணீருக்கு மோட்டாரும் வேண்டாம், மின்கட்டணமும் வேண்டாம். திட்டம் வந்த பிறகு, ஆற்றின் சொந்த வரத்தைப் பற்றிப் பேசினால் ‘அதுதான் குழாய் வந்துவிட்டதே’ என்கிறார்கள். குழாய் வந்த ஊரில் ஆற்றை மறப்பது எவ்வளவு எளிது என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

ஆகவே மேலே தடுப்பணை கட்டினாலும் அதன் உயரத்தைக் கீழே உள்ளவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்களுக்கும் ஓர் இருக்கை போடுங்கள்.

புறம்போக்கு எழுதியது:

நான் வழக்கறிஞர், பெரும்பாலும் நில வழக்குகள். கேட்ட கேள்விகளில் சட்டத்தைத் தொட்ட பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்களுடையது எது என்பதைப் பொறுத்துத்தான் யாருடைய கதவைத் தட்டுவது என்பது முடிவாகும். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது. வாய்க்கால் புறம்போக்கை ஒருவர் உழுது சேர்த்துக்கொண்டிருந்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே இன்னும் கைகொடுக்கிறது. இரண்டுக்கும் முதல் ஆயுதம் ஒன்றுதான்: அ-பதிவேட்டின் நகலும், புலப்பட நகலும். வாய்க்கால் எந்தப் புல எண்ணில், எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் போகிறது என்று அவை சொல்லும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதவர்கள் வெறும் கோபத்தோடு நடப்பவர்கள்.

விவசாயிகளுக்கான இடம் 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. அதன்படி ஆயக்கட்டுதாரர்கள் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் குறை என்ன என்பதை இந்த விவாதமே காட்டிவிட்டது. சங்கத்தில் வாக்கு உள்ளவர் மதகுக்குக் கீழே நிலம் உள்ளவர். மதகுக்கு மேலே வாய்க்காலில் வாழ்பவருக்கும், மலைச்சரிவில் இருப்பவருக்கும், கிணற்றை மட்டும் நம்பும் புஞ்சைக்காரருக்கும் அதில் குரல் இல்லை. ஏரி எங்கே முடிகிறது என்று சட்டம் பார்த்தது. எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவில்லை.

மலைச்சுனை அம்மா அவர்களுக்கு ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 5ஆம் பிரிவு, தம் எல்லையை ஒட்டிய நீர்ப்பிடிப்புகளும் நீர்நிலைகளும் தக்கபடி பாதுகாக்கப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தை உரிமை பெற்றோருக்கும் கிராம சபைக்கும் கொடுக்கிறது. நீங்கள் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியவர் இல்லை. இந்த இழையில் சட்டப்படி மிக வலுவான நிலத்தில் நிற்பவர் நீங்கள்தான்.

கடைசியாகக் குடிமராமத்து, அதாவது ஊரார் தாங்களே உழைத்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கும் பழைய வழக்கம். எல்லோரும் அந்தச் சொல்லை ஏக்கத்தோடு சொல்கிறார்கள். 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள் என்பதையும், வழக்கப்படியான வேலைக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லோரும் மகிழ்ச்சியோடு மண்வெட்டி தூக்கியிருந்தால் அந்தச் சட்டத்துக்கு வேலை இருந்திருக்காது. ஊர் வேலை என்றால் ஊரில் யார் குனிந்து மண் அள்ளினார், யார் கரையில் நின்று கணக்குப் பார்த்தார் என்பதும் சேர்ந்ததுதான். மீண்டும் தொடங்குவதாக இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வரத்துவாய்க்கால் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி டியூப் ஒன்று வாங்கிவிட்டேன். ஐயா, ஒரு சந்தேகம். தூர்வாரிய வண்டலை வயலுக்கு அடிக்க 2024இல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆணை வந்ததாகச் சொன்னார்கள், அது உதவுமா?

மலைச்சுனை அக்கா, உங்கள் கேள்வியை நேற்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரிடம் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மலையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே குடத்துக்குக் கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. நேரில் வந்து பேச விரும்புகிறோம்.

பழைய_மட்டப்பலகை எழுதியது:

உதவும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. ஆனால் டிராக்டரில் 25 நடைக்குமேல் ஓட்ட வேண்டும். வண்டல் நல்ல சத்து, கிழங்குக்கு ஏற்றது. செங்கல் சூளைக்காரர் ‘நானே இலவசமாகத் தூர்வாரித் தருகிறேன்’ என்று வந்தால் மட்டும் வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவருக்கு வேண்டியது வண்டல் இல்லை, அதற்குக் கீழே உள்ள களிமண்.

தறிச்சத்தம் எழுதியது:

சேலம் நகரத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. நாங்கள் இருப்பது திருமணிமுத்தாற்றுப் பக்கம். அதுவும் இதே மலையில் பிறந்து, நகரத்துக்குள் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் போகிறது. உங்கள் ஓடை இன்னும் தண்ணீராக இருக்கும்போதே நீங்கள் கூடிப் பேசுகிறீர்கள் என்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆனாலும் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சொல்லாமல் விடக்கூடாது. 2010ஆம் ஆண்டுவாக்கில் சேலம் மக்கள் குழு முன்னின்று, குப்பையும் சேறுமாகக் கிடந்த ஏரியை மீட்டு, அள்ளிய வண்டலை வெளியே கொட்டாமல் உள்ளேயே தீவுத்திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது பறவைகள் வந்து அடைகின்றன. அங்கே எனக்குப் பிடித்தது, மண்ணை எங்கே கொண்டுபோவது என்ற தகராறே இல்லாமல் முடித்ததுதான். மறுபுறம், 1911இல் கட்டப்பட்டு ஒரு காலத்தில் நகரத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியைப் பாருங்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் அதை நாங்கள் கைவிட்டோம், வேலிக்காத்தான் கைவிடவில்லை. கடைமடைக்கார நண்பர் குழாயைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை.

மலைச்சுனை எழுதியது:

வழக்கறிஞர் ஐயா காட்டிய பிரிவை எங்கள் ஊர் இளைஞர்களிடம் படித்துக் காட்டினேன். வன உரிமைக்கு ஏற்கெனவே மனுக் கொடுத்துக் காத்திருப்பவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

வரத்துவாய்க்கால் தம்பி, வாருங்கள். ஆனால் கூட்டம் போட வராதீர்கள், நடக்க வாருங்கள். எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முன்பு சுனையைச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. சேற்றை வாரி, பாசியைத் தேய்த்து, சுற்றிலும் வளர்ந்த உண்ணிச்செடியை வெட்டுவோம். மேலே உள்ள மரத்தின் கிளையை மட்டும் தொடமாட்டோம். அன்று நாலு பேர் கீழிருந்து வந்து சேறு வாரினால், மறு ஆண்டு எங்களிலிருந்து நாலு பேர் உங்கள் வாய்க்காலுக்கு வருவார்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு இதைச் செய்து பார்க்கலாம்.

ஒன்றை இப்போதே கேட்டுவிடுகிறேன். வேலூர் மாவட்டத்தில் நாகநதியை நூறு நாள் வேலைப் பெண்கள் மீட்டார்கள் என்கிறார்கள். நீர்ப்பிடிப்பில் உறைகிணறு போன்ற நீர்செறிவுக் கிணறுகள் அமைத்து, மழைநீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். எங்கள் சரிவுக்கு அது பொருந்துமா, இல்லை, பாறைமேல் வெறும் குழியாக நிற்குமா?

பழைய_மட்டப்பலகை எழுதியது:

அம்மா, மண்ணின் கனத்தைப் பொறுத்தது. நாகநதியின் படுகையில் மணலும் அதற்கு அடியில் நீர் இறங்க இடமும் உண்டு. உங்கள் நடுச்சரிவில் இரண்டு மூன்று அடியிலேயே பாறை முட்டும். அங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் இறங்காது, சரிவுதான் இளகும். ஃபெஞ்சலில் சரிந்ததைப் பார்த்த பிறகும் செங்குத்தான சரிவில் குழி வெட்டச் சொல்பவரை நம்பாதீர்கள். உச்சி மேட்டுநிலத்தில், அந்தச் செம்மண் தொப்பியின்மேல், ஆழமில்லாத மழைநீர்க் குழிகளும் புதர் வேலியும் போதும். தண்ணீர் எந்த இடத்தில் கசிகிறது என்பதை உங்கள் கிழவிகள் எந்தப் பொறியாளரைவிடவும் நன்றாகச் சொல்வார்கள்; அவர்களை அழைத்துக்கொண்டு போய்க் குறித்துக்கொள்ளுங்கள்.

வரத்துவாய்க்கால் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்தோம், பதினொரு பேர். புலப்பட நகல், டியூப், இரண்டு குச்சி, ஒரு குடம் தண்ணீர், கூடவே இட்லிப் பொட்டலம். ஏரியின் வாயில் தொடங்கி வனத்துறை எல்லைக்கல் வரை போக ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

முதல் அரைக் கிலோமீட்டரில் வாய்க்கால் படத்தில் ஐந்து மீட்டர் அகலம். நிலத்தில் ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுதான். அந்த இடத்தில் வரப்பைத் தள்ளிவைத்து ஆறு தென்னை நட்டிருப்பவர் என் சொந்தச் சித்தப்பா. அவரும் எங்களோடு நடந்தவர்தான். படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘இது உன் தாத்தா காலத்து வரப்பு’ என்றார். பிறகு இட்லி சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை அந்தப் பேச்சு முடியவில்லை. சங்கம் அமைப்பது எளிது என்று நினைத்திருந்தேன். சித்தப்பாவின் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் கடினமாக இருக்கிறது.

ஆனால் தண்ணீரைத் திருப்பியது அந்தத் தென்னை இல்லை. அதற்கு மேலே, சாலை வாய்க்காலைக் குறுக்கிடும் இடத்தில் ஒரு குழாய்ப்பாலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு சாலையை உயர்த்தியபோது புதிதாகப் போட்டது. பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்: இரண்டு சிமெண்டுக் குழாய், வெள்ளையடித்த கைப்பிடிச்சுவர். டியூப்பைப் பிடித்தோம். முதல் அளவில் குழாயின் அடி, வாய்க்கால் தரையைவிட மூன்று அடி உயரம் என்று காட்டியது. நம்ப முடியவில்லை. உற்றுப் பார்த்தால் குழாய்க்குள் உளுந்தளவு காற்றுக்குமிழிகள் வரிசையாக நின்றன. ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. டியூப்பை உயர்த்திப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றி மறுபடி அளந்தோம். ஒரு அடி பத்து அங்குலம். ஆள் மாறி இடம் மாறி நின்று அளந்தோம். ஒரு அடி ஒன்பது அங்குலம்.

அதாவது வாய்க்காலில் ஏறத்தாழ இரண்டு அடித் தண்ணீர் தேங்கிய பிறகுதான் ஒரு சொட்டாவது குழாய்க்குள் நுழையும். அதற்குள் தண்ணீர் சாலையோரப் பள்ளத்தைக் கண்டுபிடித்துத் தெற்கே ஓடிவிடுகிறது. சிறுமழைத் தண்ணீர் ஏரிக்கு வரவே வராது. பெருமழைத் தண்ணீரிலும் பாதிதான் வரும். ஃபெஞ்சல் இரவில் நடந்தது அதுதான். நாங்கள் வீடு வீடாகப் பணம் திரட்டித் தூர்வாரிய ஏரிக்கு முன்னால், ஒரு முழம் உயரத்தில் தவறாக வைத்த ஒரு குழாய் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி எத்தனை ஆண்டு நடந்திருப்போம், அந்தக் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து எத்தனை மாலை பேசியிருப்போம்.

எந்தத் துறை போட்டது என்று இங்கே எழுதவில்லை. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. அளவுகளை நாடாவோடு படமெடுத்து, புலப்பட நகலைச் சேர்த்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைக்கிறோம். தெற்கே வயல் மண்மூடியவர்களும் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை ‘உங்கள் ஏரிக்கும் எங்களுக்கும் என்ன’ என்றவர்கள் அவர்கள்தான். கடைமடைக்கார அண்ணன் கேட்டதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: குழாயை இறக்கிய பிறகு மேலே தடுப்பணை கேட்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. உங்களைக் கேட்காமல் கேட்பதில்லை என்பதில் மட்டும் ஒரே கட்சி.

கடைமடைக்காரன் எழுதியது:

தம்பி, அந்த ஒரு அடி ஒன்பது அங்குலத்தைப் படித்துவிட்டு எங்கள் ஊர் வாய்க்காலிலும் குழாய்ப்பாலங்களை எண்ணினேன். ஏழு இருக்கின்றன. உங்கள் டியூப்பை ஒரு நாள் கடனாகத் தர முடியுமா?

மலைச்சுனை எழுதியது:

முதலில் இங்கே வரட்டும். சுனைக்கு மேலே புதிதாக ஒரு கல்பாதை போட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் ஓட்டம் குறைந்தது என்று பாட்டி ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுங்கள். இட்லி வேண்டாம், களி கிண்டி வைக்கிறோம். சித்தப்பாவையும் அழைத்து வாருங்கள்.